முதல் பதிவேடு: நீருரிமைச் சந்தையும் அதற்கு முந்தைய பங்கீடும்



1992 ஜனவரியில் டப்ளின் நகரில் கூடிய பன்னாட்டு நீர் மாநாடு நான்கு கோட்பாடுகளை அறிவித்தது. தண்ணீருக்கு அதன் எல்லாப் பயன்பாடுகளிலும் பொருளாதார மதிப்பு உண்டு, அதைப் பொருளாதாரப் பண்டமாக ஏற்க வேண்டும் என்பது நான்காவது. அந்தக் கோட்பாட்டுக்குத் தந்த விளக்கத்தில், தூய நீர் கட்டுப்படியாகும் விலையில் எல்லா மனிதருக்கும் கிடைப்பது அடிப்படை உரிமை, முதலில் அதை ஏற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் வளரும் நாடுகளுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர்கள் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டார்கள். நீருக்குத் தனியுரிமை எழுதிக்கொடுங்கள், அந்த உரிமையை விற்கவும் வாங்கவும் விடுங்கள், தண்ணீர் தானாகவே அதிகப் பயன் தரும் இடத்துக்குப் போய்ச் சேரும் என்றார்கள். எடுத்துக்காட்டு கேட்டால் அவர்களின் கை தென் அமெரிக்காவில் இருக்கும் சிலியைக் காட்டியது. 1990களில் உலக வங்கியின் நீர்க்கொள்கை வட்டாரங்களில் சிலி அளவுக்குப் புகழப்பட்ட நாடு வேறில்லை.

நம் ஊரில் இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: தண்ணீரை விற்கலாமா, கூடாதா? விற்கக் கூடாது என்போர் அதை அறத்தின் பெயரால் சொல்கிறார்கள். விற்கலாம் என்போர் சிக்கனத்தின் பெயரால் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் இரண்டாவதாக நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். விற்பனைக்கு முன்பு ஒன்று நடந்தாக வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒரு பதிவேட்டில் எழுதியாக வேண்டும். சந்தையால் அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கிடையேதான் தண்ணீரை நகர்த்த முடியும். பெயர் இல்லாதவர் வாங்குபவராக மட்டுமே உள்ளே வரலாம், அதுவும் கையில் பணம் இருந்தால். ஆகவே, யாருக்குத் தண்ணீர் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதில் பெரும்பகுதி முதல் விலை பேசப்படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பின்னால் அதைத் திருத்துவது மிகக் கடினம், மிகுந்த செலவும் பிடிக்கும். இந்த ஒரு கருத்தைச் சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவற்றைக் கொண்டு நிறுவ முயல்கிறேன். அதன் பிறகு நம் நிலத்தடி நீருக்கு வருகிறேன்.

சிலியில் 1967ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் நிலச்சீர்திருத்தத்தோடு சேர்ந்து பிறந்தது. எதுவார்தோ ஃபிரெய் ஆட்சி பெரும் பண்ணைகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, நிலம் மட்டும் கைமாறித் தண்ணீர் பழைய பண்ணையாரிடமே தங்கிவிட்டால் சீர்திருத்தம் வெறும் சடங்காகிவிடும் என்பதை உணர்ந்திருந்தது. அதனால் நீருரிமையை அரசு வழங்கும் அனுமதியாக அச்சட்டம் வைத்தது. 1973இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பினோசே தலைமையிலான அந்த ராணுவ ஆட்சியின் 1980 அரசியலமைப்பு, நீருரிமை பெற்றவர் அதற்குச் சொத்துரிமை கொண்டவர் என்று அறிவித்தது. 1981இல் வந்த நீர்ச் சட்டம் மீதியைச் செய்தது. தண்ணீர் பொதுப்பயனுக்கான தேசியச் சொத்து என்ற பழைய வாசகம் அதிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை தனிச் சொத்தாகியது. அது நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. வீட்டைப் போல விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்கு விடலாம். கால வரம்பு கிடையாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லத் தேவையில்லை. வாங்கிய உரிமையைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் முறை அரசிடமிருந்து பெறுகிறவர் அதற்கு விலை கொடுக்கவும் வேண்டாம். ஒரே தண்ணீருக்குப் பலர் போட்டியிட்டால்தான் ஏலம்.

கடைசியாகச் சொன்னதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தையின் பெயரால் எழுதப்பட்ட சட்டத்தில் முதல் பரிமாற்றம் இலவசமாக நடந்தது. அரிய பண்டம் என்பதால்தான் விலை வேண்டும் என்று வாதிட்டவர்கள், அந்த அரிய பண்டத்தைச் சமூகத்திடமிருந்து தனியார் கைக்கு மாற்றும் கணத்தில் விலையே வைக்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை யார் பெறுவார்கள்? விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், பொறியாளரின் அளவீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் பணம் கொடுக்கக்கூடியவர், சட்டம் மாறிவிட்டது என்ற செய்தி முதலில் எட்டியவர். தலைமுறை தலைமுறையாக வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சிவந்த சிறு விவசாயிகள் பலர் தங்கள் வழக்கத்தைச் சொத்துப் பத்திரப் பதிவகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதையே அறியவில்லை. வடக்குப் பாலைவனத்தில் அய்மாரா, அதக்காமா மக்கள் நம்பி வாழ்ந்த ஊற்றுகளின் மீது சுரங்க நிறுவனங்கள் உரிமை கோரின. அந்த மக்களின் மரபுவழி நீரைக் காக்கும் பிரிவு 1993இன் பழங்குடிச் சட்டத்தில்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பதிவேடு அவர்கள் இல்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தது.

நீர்மின்சாரத்துக்கென்று சட்டம் தனி வகை உரிமை ஒன்றை உருவாக்கியது: தண்ணீரை எடுத்துச் சுழலியில் ஓட்டிவிட்டுத் திரும்ப ஆற்றில் விட வேண்டும். இந்த வகை உரிமைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு எந்தேசா என்ற ஒரே மின் நிறுவனத்திடம் சேர்ந்தது. அரசு நிறுவனமாக இருந்தபோது அது பெற்ற உரிமைகள் 1980களின் இறுதியில் பங்குகளோடு தனியாருக்குப் போயின. பிறகு நிறுவனம் ஸ்பெயின் நாட்டவர் கைக்கும், அதன்பின் இத்தாலிய நிறுவனத்தின் கைக்கும் மாறியது. படகோனியாவின் ஆறுகள் மீதான உரிமை ஐரோப்பியப் பங்குச்சந்தைகளின் வழியே கைமாறியது; அந்த ஆறுகளின் கரையில் வாழ்வோரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அணை கட்டாமலேயே உரிமையை வைத்திருப்பது புதிய போட்டியாளரைத் தடுக்க நல்ல வழியாகவும் அமைந்தது. பயன்படுத்தாத உரிமைக்குக் கட்டணம் என்ற திருத்தம் 2005இல்தான் வந்தது. சட்டம் பிறந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு.

பெதோர்க்காவைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன எல்லாம் அங்கே ஒரே பள்ளத்தாக்கில் சந்திக்கின்றன. தலைநகர் சந்தியாகோவுக்கு வடக்கே, வல்பரைசோ வட்டாரத்தில் உள்ள மாகாணம் அது. பெதோர்க்கா, லா லிகுவா என்று இரண்டு சிறிய ஆறுகள். 1990களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவகேடோ பழத்துக்குச் சந்தை விரிந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கின் மலைச்சரிவுகள் தோட்டங்களாயின. அவகேடோ பசுமை மாறா மரம். ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும். சரிவில் இயற்கையாகத் தண்ணீர் ஏறாது. பள்ளத்தில் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து மேலே ஏற்றி, சொட்டுநீர்க் குழாயில் விட வேண்டும். முதலீடு உள்ளவரால்தான் முடியும். நிலமும் நீரும் சட்டத்தில் பிரிக்கப்பட்டிருந்ததால், ஒரு போகமும் விளையாத சரிவை மலிவாக வாங்கி, நீருரிமையை வேறிடத்திலிருந்து வாங்கி இணைத்துவிட முடிந்தது. 1997இல் பெதோர்க்கா ஆறும் 2004இல் லா லிகுவா ஆறும் இனி உரிமை வழங்க நீரில்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. நிலத்தடி நீருக்கு உரிமை எழுதுவது அதோடு நின்றுவிடவில்லை. ஓடும் தண்ணீரைவிடக் காகிதத்தில் எழுதிய தண்ணீர் அதிகமாகியது. 2010இல் தொடங்கி நடு சிலியில் மழை தொடர்ந்து பொய்த்தபோது, ஆழமான கிணறு உள்ளவர் இறைத்துக்கொண்டே இருந்தார். ஊர்க் குடிநீர்க் குழுக்களின் ஆழமில்லாத கிணறுகள் வறண்டன.

ஊர்கள் லாரித் தண்ணீருக்கு வந்தன. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்பது கணக்கு. குடிக்க, சமைக்க, குளிக்க, துணி துவைக்க, கொரோனா காலத்தில் கை கழுவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2020இல் வட்டாரச் சுகாதாரத் துறை இதை 100 லிட்டராக உயர்த்தி ஆணையிட்டது. சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. நாட்டின் மனித உரிமை நிறுவனம் வழக்குத் தொடர, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 100 லிட்டர் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓர் ஆள் ஒரு நாள் வாழத் தேவையான தண்ணீர் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெற வேண்டியதாக இருந்தது; அதே பள்ளத்தாக்கின் சரிவில் நின்ற அவகேடோ மரத்தின் தண்ணீருக்கு அரசியலமைப்பே காவல் நின்றது. இதைச் சந்தையின் தோல்வி என்று சொல்வது முழு உண்மை ஆகாது. சந்தை தனக்கு இட்ட வேலையைச் செய்தது. தண்ணீரை அதிக விலை தரும் பயிருக்குக் கொண்டுபோனது. குடிநீர்க் குழுவின் பங்கைப் பதிவேட்டில் முதலில் எழுதி வைக்காதது, அல்லது மற்றவற்றோடு சமமாக எழுதி வைத்தது, சட்டம் செய்த வேலை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மழை பெய்யாததற்குச் சட்டம் என்ன செய்யும்? பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வறட்சி எந்த ஏற்பாட்டையும் உடைத்திருக்கும் அல்லவா? வறட்சி உண்மைதான், காலநிலை மாற்றத்துக்கும் அதில் பங்குண்டு என்பதில் அறிவியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வறட்சி ஒரு பள்ளத்தாக்கில் எல்லார் மீதும் ஒரே அளவில் இறங்கவில்லை என்பதுதான் நாம் விளக்க வேண்டியது. பெய்யாத மழையின் இழப்பை யார் ஏற்பது என்பதை மேகம் தீர்மானிப்பதில்லை. அதைக் கிணற்றின் ஆழமும் பதிவேட்டின் வரிசையும் தீர்மானிக்கின்றன. இன்னொரு மறுப்பு, பெதோர்க்காவில் நடந்தது சட்டமீறல், சட்டத்தின் குறை ஆகாது என்பது. உரிமையின்றி ஆற்றுப்படுகைக்கு அடியில் நீரை உறிஞ்சும் அமைப்புகள் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. ஆனால் நாட்டின் நீர்த்துறைக்கு ஆளும் அதிகாரமும் மிகக் குறைவாகவே இருக்கும்படி வடிவமைத்ததும் அதே 1981 சட்டம்தான். தகராறு வந்தால் உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், முடியாவிட்டால் நீதிமன்றம் போகட்டும் என்பதே அதன் தத்துவம். காவலரே இல்லாத தெருவை வடிவமைத்துவிட்டுத் திருட்டைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று சொல்வது பொருந்தாது.

சிலிக்குள்ளேயே சந்தை நன்றாக நடந்த இடமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வடக்கே லிமாரி ஆற்றுப் படுகையில் விவசாயிகளுக்கிடையே நீருரிமை பல ஆண்டுகளாகத் தாராளமாகக் கைமாறுகிறது. சந்தை ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். சிலியின் நீர்ச் சட்டத்தை நீண்ட காலம் ஆராய்ந்த கார்ல் பாவர் காட்டியது, லிமாரியைப் போன்ற விதிவிலக்குகளைத் தவிர நாட்டின் பெரும்பகுதியில் விற்பனை மிகக் குறைவாகவே நடந்தது என்பதை. லிமாரியில் ஏன் நடந்தது? அங்கே அரசு கட்டிய மூன்று அணைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. தண்ணீரை அளந்து தேக்கி, அளந்து திறக்கலாம். வாய்க்கால் வலைப்பின்னல் இருக்கிறது. பழமையான பயனர் சங்கங்கள் இருக்கின்றன. நீர் குறைந்த ஆண்டில் எல்லார் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்க அவற்றால் முடிகிறது. ஆக, சந்தை தழைத்த இடத்தில் பொதுப்பணமும் பொது அமைப்பும் முன்பே வேரூன்றியிருந்தன. அவை இல்லாத இடத்தில் சட்டம் சந்தையை அறிவித்தது, பதுக்கல்தான் வந்தது.

வலுவான மறுப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. மர்ரே, டார்லிங் என்ற இரண்டு ஆறுகளின் படுகை பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது. உலகில் மிக வளர்ந்த நீர்ச்சந்தை அங்கேதான் இருக்கிறது. 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியில் அது உண்மையிலேயே பயன்பட்டது. வழக்கமாகப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் விளையும் நெல், 2008இல் 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. நெல் விவசாயி அந்த ஆண்டின் தண்ணீரைத் திராட்சைக்காரருக்கும் பாதாம் தோட்டக்காரருக்கும் விற்றார். ஓராண்டுப் பயிரை விடலாம். இருபதாண்டு மரத்தைக் காயவிட முடியாது. விற்றவருக்கு வருமானம், வாங்கியவருக்கு மரம். இருவருமே பிழைத்தார்கள். தண்ணீரை விற்பதே பாவம் என்போர் இந்த விவரத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். எனக்கு அதில் தயக்கம் இல்லை: இந்தப் பரிமாற்றம் நல்லது, ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க மாட்டார்.

ஆனால் அது எதன் மீது நின்றது என்று பார்க்க வேண்டும். 1991இல் டார்லிங் ஆற்றில் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1995இல் படுகையிலிருந்து எடுக்கும் மொத்த நீருக்கு அரசுகள் உச்சவரம்பு வைத்தன. உரிமை என்பது நிலையான லிட்டர் கணக்காக இல்லாமல், இருக்கும் தண்ணீரில் ஒரு பங்காக ஆனது. ஒவ்வோர் ஆண்டும் அணை நிலவரம் பார்த்து இந்தப் பங்குக்கு இவ்வளவு என்று அரசு அறிவிக்கிறது. மதகுகளில் அளவைக் கருவிகள் உண்டு. சிலியில் 1981 சட்டம் எதையெல்லாம் விட்டுவிட்டதோ அதையெல்லாம் இங்கே அரசு செய்தது. ஆஸ்திரேலியாவின் வெற்றி, வலுவான பொது அதிகாரத்தின் வெற்றி. சந்தை அதன் உள்ளே இயங்கிய கருவி. அந்த அதிகாரம் தளர்ந்த இடத்தில் விளைவும் உடனே தெரிந்தது. அளவீடும் கண்காணிப்பும் மெலிந்திருந்த வடபகுதியில் எடுப்பு மிகுந்தது. வறட்சியும் அதோடு சேர, 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மெனிண்டி ஏரிகளுக்கு அருகே டார்லிங் ஆற்றில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி ஆஸ்திரேலிய டாலர் புரளும் இந்தச் சந்தையில் தரகர்களின் நடத்தைக்குப் போதுமான விதிகளும் இல்லை, முழுதும் கண்காணிக்க ஓர் அமைப்பும் இல்லை என்று நாட்டின் போட்டி ஆணையமே 2021இல் அறிக்கை தந்தது.

இவ்வளவு நன்றாக நடந்த சந்தையிலும் முதல் பதிவேட்டின் குறை மறையவில்லை என்பதே என் வாதத்துக்கு முதன்மையானது. இந்த ஆறுகளின் கரையில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் ஆஸ்திரேலியத் தொல்குடிகள். நிலம் பறிக்கப்பட்டபோது நிலத்தோடு ஒட்டிய நீருரிமையும் போயிற்று. பின்னர் நிலத்தையும் நீரையும் பிரித்துச் சந்தை அமைத்தபோது, அன்று யாரிடம் நீர் இருந்ததோ அவர் பெயரில் எழுதினார்கள். படுகையின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் மக்கள்தொகையில் ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் உள்ள தொல்குடி மக்களின் அமைப்புகளிடம் இருக்கும் மேற்பரப்பு நீருரிமை 0.2 விழுக்காடு. 2009க்கும் 2018க்கும் இடையில் அந்தச் சிறு பங்கும் சுமார் 17 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் அபகரிக்கவில்லை, பணமுடை வந்தபோது விற்கப்பட்டது. சந்தை யாருடைய குலத்தையும் கேட்பதில்லை. ஆயினும் சமமில்லாத தொடக்கத்திலிருந்து புறப்பட்டால், சமமான விதிகளே இடைவெளியை அகலமாக்கும்.

இனி நம் பக்கம். இந்தியாவில் சிலியைப் போன்ற சட்டம் இல்லை. மகாராஷ்டிரம் 2005இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் அமைத்து, மாற்றத்தக்க நீர் ஒதுக்கீடுகளுக்குச் சட்டத்தில் இடம் தந்ததுதான் அந்தத் திசையில் நாம் வைத்த முதல் அடி. ஆனால் நிலத்தடி நீரில் பதிவேடு இல்லாத ஒரு சந்தை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் சட்ட வேர் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். தன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத நீரைத் திரட்டவும் தன் விருப்பப்படி பயன்படுத்தவும் நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று அதன் 7ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கிணறும் கவலை ஏற்றமும் இருந்த காலத்தின் விதி அது. மாடு இறைக்கும் அளவுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது என்ற இயற்கை வரம்பு அதற்குப் பின்னால் நின்றது. ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் அந்த வரம்பை நீக்கின. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைக்கும் இலவச மின்சாரம், இறைக்கும் செலவையும் நீக்கியது. விதி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று மாநிலத்தின் குறுவட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, ஊறுவதைவிட அதிகமாக நீர் எடுக்கப்படும் நிலையில் இருப்பதாக அரசு மதிப்பீடுகளே சொல்கின்றன.

பிளாச்சிமடா வழக்கில் இந்த விதியின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பது தெரிந்தது. பாலக்காட்டுக் கொக்கோ கோலா ஆலை பற்றி 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குரியது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தடுக்கும் சட்டம் இல்லாதவரை நில உரிமையாளர் நீர் எடுக்கலாம் என்று கூறி, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. சென்னைக்கென 1987இல் வந்த சட்டம் லாரியில் நீர் கொண்டுபோக உரிமம் வேண்டும் என்கிறது. அந்த உரிமம் நகரைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் இறைபடும் வேகத்தைக் கட்டுப்படுத்தியதாகச் சொல்ல முடியவில்லை. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது நகரத்தின் அடுக்குமாடிகளைத் தாங்கியவை தனியார் லாரிகள். அந்தத் தண்ணீர் வந்த ஊர்களில் கிணறும் நிலமும் உள்ளவர் பணம் பெற்றார். நிலமில்லாத கூலித் தொழிலாளியின் குடும்பம் அதே நீர்மட்டம் இறங்கியதால் தெருக்குழாயில் தண்ணீரையும், வயல் தரிசாக விடப்பட்டதால் வேலையையும் இழந்தது. அந்தப் பேரத்தில் இழந்தவருக்கு விற்கவும் எதுவும் இல்லை, மறுக்கவும் இடம் இல்லை.

இங்கே நம் சமூகத்துக்கே உரிய ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். பழைய பொது ஏற்பாடுகள் என்ன சமத்துவத்தைத் தந்தன? 1927இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுக்க அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்ததே! ஏரியின் மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அந்த ஏரிப் பாசனத்தில் அவர்களுக்கு நிலம் இருந்ததா? பணம் சாதி பார்க்காது. லாரிக்காரர் யாருக்கும் விற்பார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஊர்ப்பொது என்ற சொல்லைக் கேட்டவுடன் கண் கலங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அந்த வாதம் விற்பனையை மட்டும் பார்க்கிறது. வாங்கும் இடத்தில் சாதி இல்லாமல் இருக்கலாம். விற்கும் உரிமை நிலத்தோடு ஒட்டியிருக்கிறது, நிலம் சாதியோடு ஒட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கான பட்டியல் சாதியினரின் நில உடைமை அதைவிட மிகக் குறைவு. 1882இன் விதி சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதியின் வேலையைச் செய்கிறது. பழைய பொதுவின் அநீதிக்கு மாற்றாக அதே அநீதியைப் பத்திரப் பதிவு செய்து கொடுப்பது தீர்வாகாது.

நிலத்தடி நீர் குறையக் குறைய, அளவோடு உரிமை எழுதி மாற்றத்தக்கதாக ஆக்குங்கள் என்ற ஆலோசனை இந்தியாவில் வலுப்பெறும். வரம்பு வைக்க வேண்டும் என்ற பாதியில் அது சரி. எந்த அடிப்படையில் எழுதுவது என்பதில்தான் ஆபத்து. உலகெங்கும் எளிதாகக் கைக்கொள்ளும் வழி, கடந்த சில ஆண்டுகளின் பயன்பாட்டைப் பார்த்து அதையே உரிமையாக்குவது. ஒரு குறுவட்டத்தில் அப்படிச் செய்தால் யார் ஆயிரம் அடிக்குப் போர் போட்டாரோ அவர் மிகப் பெரிய பங்கைப் பெறுவார். அவருடைய போரால் கிணறு வற்றி விவசாயத்தைக் கைவிட்ட பக்கத்து வயல்காரரின் பங்கு சுழி. நிலமில்லாதவர் கணக்கிலேயே வர மாட்டார். நீர்மட்டத்தை இறக்கியவருக்கு, இறக்கிய அளவுக்கேற்ப வெகுமதி.

அப்படி எழுதிய பிறகு திருத்துவதற்கு என்ன விலை என்பதற்கும் முன்சொன்ன இரண்டு நாடுகளே சான்று. ஆஸ்திரேலியா 2012இன் படுகைத் திட்டத்தில் ஆற்றுக்கு 2,750 ஜிகாலிட்டர் நீரை மீட்க முடிவு செய்தது. முன்பு இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ கொடுத்த உரிமைகளை விலைக்கு வாங்கவும் வாய்க்கால்களைச் செப்பனிட்டு நீர் மீட்கவும் ஒதுக்கிய மொத்தத் தொகை 1,300 கோடி டாலர். பணமுள்ள நாடு, வாங்கியது. அதுவும் பெரும் அரசியல் சண்டைக்கு நடுவில். சிலி 2022 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தியது: மனிதப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை, புதிய உரிமைகளுக்கு 30 ஆண்டு வரம்பு. ஆனால் புதிதாக எழுத நீர் மிச்சமிருக்கும் படுகைகள் அங்கே எத்தனை? ஏற்கெனவே கொடுத்த உரிமைகள் கால வரம்பின்றியே தொடர்கின்றன. நீரை யாரும் சொத்தாக்கிக்கொள்ள முடியாத பொதுவாக அறிவிக்க முயன்ற புதிய அரசியலமைப்பு வரைவை அதே ஆண்டு செப்டம்பரில் 62 விழுக்காட்டு மக்கள் நிராகரித்தார்கள். அந்த வரைவில் வேறு பல சர்ச்சைகளும் இருந்தன. தண்ணீர்ப் பிரிவு மட்டும் தோற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பதாண்டுச் சொத்துரிமையைத் திரும்பப் பெறுவதற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அதோடு போயிற்று.

மாற்று வழி கற்பனை இல்லை. இந்தியாவிலேயே அதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1972 வறட்சிக்குப் பிறகு புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டாரத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நீர்ப் பங்கை நிலத்தின் அளவிலிருந்து பிரித்துக் குடும்பத்தின் ஆட்கணக்கோடு இணைத்தது. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்புக்குத் தண்ணீர் கிடையாது. அரியானாவின் சுகோமாஜ்ரி சிற்றூரில் 1970களின் இறுதியில், மலையடிவாரத்துத் தடுப்பணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமப் பங்கு என்று வைத்தார்கள். நிலமில்லாதவர் தன் பங்கை நிலமுள்ளவருக்கு விற்கலாம். அதுவும் நீர்ச்சந்தைதான்! ஆனால் பதிவேட்டில் எல்லார் பெயரும் முதலில் எழுதப்பட்டிருந்தது. அதனால் அங்கே விற்பனை ஏழையிடமிருந்து தண்ணீரைப் பறிக்காமல், ஏழையின் கையில் காசைச் சேர்த்தது. மேட்டில் மாடு மேய்த்து மரத்தை அழிக்காமல் காப்பதற்கு அவருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சுகோமாஜ்ரியில் பின்னர் சமப் பங்கு முறை நழுவி, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் முறை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிற்றூர் அளவில்கூட இந்த ஏற்பாடு தானாக நிலைக்காது. சட்டத்தின் துணை வேண்டும்.

அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் எழுதப்படவில்லை என்பதை நான் இழப்பாக மட்டும் பார்க்கவில்லை. 2013இல் நீக்கியதன் இடத்தில் வரும் சட்டம், ஒவ்வொரு குறுவட்டத்திலும் ஆண்டுக்கு ஊறும் அளவை அறிந்து, அதில் குடிநீருக்கும் கால்நடைக்கும் உரிய பங்கை விற்பனைக்கு அப்பால் ஒதுக்கி வைத்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும். மீதியை நிலையான அளவாக இல்லாமல் ஆண்டுதோறும் மழைக்கேற்பக் கூடிக் குறையும் பங்காக, கால வரம்போடு எழுத வேண்டும். 1882இன் விதி தொடரும்வரை இதில் எதுவும் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால் அதை நீக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். நிலமுள்ளவர்கள் எதிர்ப்பார்கள், அவர்களில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரே பெரும்பான்மை, அவருக்கு இதில் இழப்பைவிடப் பாதுகாப்பே அதிகம் என்பதைக் கிராமசபைகளில் எடுத்துச் சொல்லும் வேலை அரசியல் கட்சிகளுக்கு உண்டு. குறுவட்ட அளவில் கணக்கெடுப்புத் தொடங்கும் நாளிலேயே, நிலமில்லாத குடும்பங்களின் பங்கு அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பங்கை அதற்குள் எழுதி வாங்கிக்கொண்டவரிடமிருந்து அரசு அன்றைய சந்தை விலைக்கு வாங்கித்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.